முகமில்லாத அட்டை: எஸ்டோனியா இ-ரெசிடென்சி பற்றி என் அனுபவம்

டெல்லியில் உள்ள எஸ்டோனியத் தூதரகத்தில் கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தபோது என் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உள்ளே ஓர் அட்டை, யுஎஸ்பியில் செருகும் ரீடர், பின் எண்கள் உள்ள உறை. இ-ரெசிடென்சி என்பது இதுதான்: வெளிநாட்டவர் ஆன்லைனிலேயே கம்பெனி தொடங்கி நடத்த எஸ்டோனியா என்ற வட ஐரோப்பியக் குட்டி நாடு தரும் டிஜிட்டல் அடையாளம். அட்டையில் என் பெயர் உண்டு, புகைப்படம் இல்லை. இதைக் காட்டி எந்த நாட்டுக்குள்ளும் நுழைய முடியாது. எஸ்டோனியாவுக்கே விசா எடுக்கத்தான் வேண்டும். இதற்காகவா கோவையில் இருந்து விமானம் ஏறினோம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை.

நான் ஆன்லைன் கடைகளுக்கு ப்ளகின் (இணையதளத்தோடு சேர்க்கும் சின்ன மென்பொருள்) எழுதி விற்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஜெர்மனிக்காரர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதிவான கம்பெனியின் பில் என்றால் கேள்வி கேட்காமல் பணம் அனுப்புவார்கள். அதனால்தான் 2023இல் 120 யூரோ கட்டி விண்ணப்பித்தேன். பின்னணி விசாரணை முடிந்து அழைப்பு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ஊர் திரும்பிய அன்று இரவே கம்பெனி பதிவில் உட்கார்ந்தேன். அட்டையை ரீடரில் செருகினால் முதல் பின் உள்ளே நுழைய, இரண்டாவது பின் கையெழுத்துப் போட. மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும் (எனக்குப் பூட்டியது, உறையில் இருந்த இன்னொரு எண்ணால் திறந்தேன்). பதிவுக் கட்டணம் 265 யூரோ. முன்பு 2,500 யூரோ மூலதனம் காட்ட வேண்டும்; 2023 பிப்ரவரியில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், இப்போது ஒரு சென்ட் போதும். மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சல் வந்தது: கம்பெனி பதிவாகிவிட்டது. யாரிடமும் பேசவில்லை, எந்தக் காகிதத்தின் நகலையும் எடுக்கவில்லை.

சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாடு, நம் கோவை நகரத்தைவிடச் சின்னது. இவர்களுக்கு மட்டும் இது எப்படி வாய்த்தது என்று அன்றே தேட ஆரம்பித்துவிட்டேன்.

1991 ஆகஸ்டில் சோவியத் பிடியில் இருந்து வெளியே வந்தபோது எஸ்டோனியாவிடம் ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் பணவீக்கம் ஆயிரம் விழுக்காட்டை ஒட்டி ஓடியது. 1992 ஜூனில் சோவியத் பணமான ரூபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு குரோன் என்ற சொந்தப் பணத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு ஆள் 1,500 ரூபிள் கொடுத்து 150 குரோன் வாங்கலாம், அவ்வளவுதான். 8 குரோனுக்கு 1 ஜெர்மன் மார்க் என்று சட்டத்திலேயே கட்டிவைத்தார்கள். நினைத்த நேரத்தில் நோட்டு அச்சடித்துச் சமாளிக்கும் வழியை ஆட்சியாளர்கள் தங்களுக்குத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். எனக்கு இதுதான் மொத்தக் கதையிலும் பெரிய விஷயமாகப் படுகிறது. தன் கையைத் தானே கட்டிக்கொண்ட அரசாங்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த அக்டோபரில் பிரதமரான மார்ட் லாருக்கு வயது 32, வரலாறு படித்தவர். அவர் காலத்தில் முடிவான வரிச் சட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்தது: எல்லோருக்கும் ஒரே விகிதம், 26 விழுக்காடு. படிவம் சுருங்கினால்தான் பின்னால் அதைக் கணினியில் ஏற்ற முடியும். 1999இல் அவரே மறுபடி பிரதமரானார். கம்பெனி லாபத்தை உள்ளேயே வைத்திருக்கும்வரை வரி இல்லை, பங்குதாரருக்கு எடுத்துக் கொடுத்தால்தான் வரி என்ற விதி 2000இல் வந்தது. இன்று என் கம்பெனிக்கும் அதே விதிதான் (2025 முதல் விகிதம் 22). டிஜிட்டல் கையெழுத்துச் சட்டமும் அதே 2000இல்தான். பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொடுக்க 1996இல் அறிவித்த திட்டத்துக்கு இவர்கள் வைத்த பெயர் 'புலிப் பாய்ச்சல்'. நம்மூர் ஆள் வைத்த மாதிரியே இருக்கிறது.

சும்மா புகழ்ந்துவிட்டுப் போக மனமில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிய அந்த அதிர்ச்சி வைத்தியத்தில் ஓய்வூதியக்காரர்களும் கிழக்கு எல்லையில் நார்வா போன்ற ஆலை நகரங்களும் நசுங்கின. வெளிநாட்டுப் பணத்துக்குக் கதவைத் திறந்துவைத்ததற்கும் ஒரு விலை கொடுத்தார்கள். டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ வெளிநாட்டுப் பணம் போனது, அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று 2018இல் அம்பலமானது. அட்டையிலும் ஓட்டை இருந்தது: 2017இல் சிப்பில் குறை தெரிந்து சுமார் 7,60,000 அட்டைகளின் சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். மறைக்காமல் சொன்னார்கள் என்பதால் நான் அதைப் பெரிய குறையாக எடுக்கவில்லை.

வங்கி விஷயத்தில்தான் இந்தச் சேவை நம்மைக் கைவிடுகிறது. அட்டை இருந்தால் கணக்கு கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். நான் கேட்ட உள்ளூர் வங்கி 'எஸ்டோனியாவோடு உங்களுக்கு என்ன தொடர்பு?' என்று கேட்டு மறுத்துவிட்டது. கடைசியில் வேறொரு ஐரோப்பிய நாட்டு ஆன்லைன் கணக்கில் காலம் தள்ளுகிறேன். அப்புறம் உள்ளூர் முகவரி, கணக்கு எழுதுபவர் என்று எனக்கு மாதம் 70 யூரோ போகிறது. மாதம் ஐம்பதாயிரம் ரூபாய்கூட வராதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வரியே இல்லாத நாடு என்று நினைத்துப் போகிறவர்களுக்கு என் ஆடிட்டர் சொன்னதையே சொல்கிறேன்: "தம்பி, நீங்க உட்கார்ந்திருக்கிறது பீளமேட்டுல. வரியும் இங்கதான்." சம்பளமாக எடுத்தாலும் டிவிடெண்டாக எடுத்தாலும் இங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டு முதலீடு என்பதால் வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்கு முன்கூட்டியே படிவம், பிறகு வருடா வருடம் டிசம்பர் 31க்குள் அறிக்கை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த அந்த ஒன்று வங்கிக் கணக்குக்காக.

அந்த முதலீட்டுப் படிவத்தைக் கொடுக்கப் போன நாளை மறக்க முடியாது. கம்பெனிப் பதிவுச் சான்றை அச்செடுத்துக் கொடுத்தேன். வங்கிக் கிளையில் இருந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீல் எங்கே?" டிஜிட்டல் கையெழுத்து மேடம், கோப்பைத் திறந்தால் தெரியும் என்றேன். "அதெல்லாம் சரி. சீல்?" மூன்றாவது தடவை அலைந்த பிறகு காந்திபுரத்தில் 180 ரூபாய்க்கு என் கம்பெனி பெயரில் வட்டமாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து, இயக்குநர் என்ற முறையில் ஒவ்வொரு பக்கத்திலும் நானே குத்திக் கையெழுத்துப் போட்டேன். அன்றே வாங்கிக்கொண்டார்கள். ஸ்டாம்பில் எஸ்டோனியத் தலைநகர் தாலின் என்பதைத் தப்பாக வெட்டியிருந்தார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை.