ஆற்று மோட்டாருக்கான சுழல் உருளைச் சல்லடை: மீன் பிழைக்குமா, தண்ணீர் வருமா?

மோட்டாரின் உறிஞ்சுகுழாய் நுனியில் மாட்டும் ஃபுட் வால்வோடு வரும் கூடை இலைதழையைத்தான் தடுக்கும். விரற்கடை நீள மீன்குஞ்சு அதன் ஓட்டையில் சுலபமாக நுழைந்துவிடும். அருகிவரும் மீனினம் வாழும் ஆற்றில் அந்தக் கூடையோடு இறைப்பது, குஞ்சுகளைப் பிடித்து வயலில் கொட்டுவது போலத்தான். அதற்கு மாற்றாக விற்பதுதான் தானே சுத்தம் செய்துகொள்ளும் சுழல் உருளைச் சல்லடை. பொருள் நல்லது. ஆனால் பெரும்பாலோர் அளவு தப்பி வாங்குகிறார்கள்.

எல்லோரும் முதலில் பார்ப்பது கம்பி இடுக்கை. சால்மன் குஞ்சுகளுக்காக அமெரிக்கக் கடல்மீன்வளத் துறை வகுத்த விதியில் இடுக்கு 1.75 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 2 மி.மீ. டிரில் பிட்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இடுக்கு சரியாக இருந்தும் மீன் சாவதுண்டு. உறிஞ்சும் வேகம் கூடினால் குஞ்சு விலகி நீந்த முடியாமல் கம்பியில் ஒட்டிக்கொண்டே மூச்சடைத்துச் சாகும். அதே விதிப்படி, தானே சுத்தமாகும் சல்லடையின் முகத்தை நெருங்கும் நீரின் வேகம் நொடிக்கு 0.12 மீட்டருக்குள்ளும், சுழலாத சாதா சல்லடையில் 0.06க்குள்ளும் இருக்க வேண்டும்.

கணக்கு சுலபம். நொடிக்கு 20 லிட்டர், அதாவது 0.02 கன மீட்டர் இறைக்கும் பம்ப்புக்கு 0.02ஐ 0.12ஆல் வகுத்தால் 0.17 சதுர மீட்டர் பரப்பு, 30 செ.மீ. விட்டமுள்ள உருளை என்றால் 18 செ.மீ. நீளம். சாதா சல்லடைக்கு இதில் இரு மடங்கு. சட்டம், விளிம்பு போன்றவை இந்தப் பரப்பில் சேராது. சில விலைப்பட்டியல்களில் இடுக்கின் வழியே பாயும் வேகத்தைப் போட்டிருப்பார்கள், முகத்தை நெருங்கும் வேகத்தை அல்ல. 0.15 என்றிருந்து, முகப்பரப்பில் இடுக்குகளின் பங்கு பாதி என்றால் நெருங்கும் வேகம் 0.075. சாதா சல்லடைக்கு அதுவே அதிகம். எந்த வேகம் என்று கேட்காமல் இரண்டு மாடல்களை ஒப்பிடாதீர்கள்.

சுழற்சிக்கு மின்சாரம் வேண்டாம். டெலிவரி பைப்பிலிருந்து வரும் ஒரு கிளைக்குழாய் உருளைக்குள் நீரைப் பீய்ச்சும். அதே பீய்ச்சல் உருளையைச் சுற்றவும் வைக்கும், பாசியை வெளியே தள்ளவும் செய்யும். அந்த நீர் வயலுக்குப் போகாது, பம்ப் தேர்ந்தெடுக்கும்போதே அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 1.75 மி.மீ. இடுக்கில் மணல் தாராளமாக நுழைவதால் முதலில் அடைபடுவது பீய்ச்சும் மூக்குகள்தான். கிளைக்குழாயில் நுண்வடிகட்டி இல்லாத மாடலை வாங்க வேண்டாம்.

உருளையை மேலே தூக்கும்போது அழுக்கு படிந்த விதத்தைக் கவனியுங்கள். ஃபிளாஞ்ச் பக்கம் (உறிஞ்சுகுழாய் இணையும் முனை) மட்டும் இலை அப்பியிருந்து மறுமுனை பளிச்சென்று இருந்தால், உறிஞ்சல் ஒரே இடத்தில் குவிகிறது. உள்ளே நீரைப் பரப்பிவிடும் துளைக்குழாய் இல்லை, அல்லது சரியாக வடிவமைக்கப்படவில்லை. அப்போது சராசரி வேகம் சரியாக இருந்தாலும் அந்த ஒரு பகுதியில் குஞ்சு சாகும். கேஸ்கட் ஓரத்தில் 5 மி.மீ. சந்து இருந்தாலும் அவ்வளவு செலவும் வீண்.

உருளைக்கு மேலும் கீழும் பக்கத்திலும் அதன் ஆரம் அளவுக்காவது இடைவெளி விடுங்கள். 30 செ.மீ. உருளைக்குக் குறைந்தது 60 செ.மீ. ஆழம் வேண்டும். நீரோட்டம் முகத்தை உரசிக்கொண்டு போகும்படி வையுங்கள். தேங்கிய மடுவில் வைத்தால் தள்ளிவிட்ட பாசியே திரும்பி வந்து ஒட்டும்.

மிதந்து வரும் முட்டையையும் பொரித்த புதுசில் இருக்கும் நூல் போன்ற குஞ்சையும் இந்தச் சல்லடை தடுக்காது. சினைப்பருவத்தில் இறைப்பைக் குறையுங்கள்.

கூடவே வரும், நீர்மட்டம் இறங்கினால் பம்ப்பை நிறுத்தும் மிதவை சுவிட்சை உருளை மூழ்கியிருக்கும் மட்டத்துக்கு வைத்துத் தருவார்கள். அது பம்ப்பில் ஏர் பிடிக்காமல் காக்கும் மட்டம். மீனுக்கான மட்டத்தை, பம்ப்புக்குக் கீழே ஆறு கற்களின் மேல் மெலிந்து ஓடும் இடத்தில் அளக்க வேண்டும்: அங்கே மீனின் முதுகு வெளியே தெரியும் ஆழத்துக்கு நீர் இறங்குமுன் பம்ப் நிற்கும்படி மிதவையை ஏற்றிக் கட்டுங்கள்.