ஃபைல் சர்வர் விடாமல் பாஸ்வேர்டு கேட்கிறதா? நான்கு தீர்வுகள், ஓர் ஒப்பீடு

ஃபைல் சர்வரில், அதாவது மற்றக் கணினிகளுக்கு ஃபைல்களைப் பகிரும் கணினியில், உள்ள ஷேர் ஃபோல்டரைத் திறந்தால் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி வருகிறது. கொடுத்தால் மறுபடி அதே பெட்டி. அல்லது இன்றைக்கு உள்ளே விட்டுவிட்டு, நாளைக் காலையில் கணினியைப் போட்டதும் புதிதாகக் கேட்கிறது. இதற்கு நான்கு தீர்வுகள் புழக்கத்தில் இருக்கின்றன: கிரெடென்ஷியல் மேனேஜரில் (விண்டோஸ் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் சேமித்துவைக்கும் இடம்) சேமிப்பது, இரண்டு பக்கமும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வைப்பது, கெஸ்ட் அனுமதி (பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியாக உள்ளே விடுவது) கொடுப்பது, டொமைனுக்கு (எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஓர் இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) மாறுவது. நான்கையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சின்ன நெட்வொர்க்குக்கு முதல் வழியே போதும். அதை அரைகுறையாகச் செய்வதால்தான் பலர் மற்ற மூன்றுக்கும் ஓடுகிறார்கள்.

எதையும் தொடும் முன் அந்தப் பெட்டியின் அடியில் வரும் சின்ன வரியைப் படியுங்கள். பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்று இருந்தால், சர்வர் உங்களை அடையாளம் காணவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்று இருந்தால் கதையே வேறு: சர்வருக்கு உங்களைத் தெரிந்திருக்கலாம், ஆனால் அந்த ஃபோல்டரில் உங்களுக்கு உரிமை இல்லை. அப்போது நூறு முறை பாஸ்வேர்டு அடித்தாலும் பயன் இல்லை, சர்வர் பக்கம் போய் ஷேர் அனுமதியையும் ஃபோல்டர் அனுமதியையும் சரிபார்க்க வேண்டும்.

சரி, முதல் வழிக்கு வருவோம். பெட்டி தோன்றும் முன்பே விண்டோஸ் ஒரு முயற்சி செய்து தோற்றிருக்கும். நீங்கள் எந்தக் கணக்கில் உள்நுழைந்தீர்களோ அந்தப் பெயரைத்தான் அது முதலில் சர்வரிடம் நீட்டும். மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கணக்கில் உள்நுழைபவர்களுக்கு அந்தப் பெயர் சர்வரில் இருக்காது. உள்நுழையப் பயன்படும் பின் (PIN) எண்ணும் உதவாது, அது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே சொந்தம். அதனால் சர்வரில் உங்களுக்கென்று தனிக் கணக்கு உண்டாக்கி, யூசர் நேம் இடத்தில் சர்வரின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ் (\), அப்புறம் கணக்கின் பெயர் என்று கொடுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் அது எந்தக் கணினியின் கணக்கு என்ற குழப்பத்துக்கு இடம் இருக்கிறது.

இங்கே பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கிரெடென்ஷியல் மேனேஜர் எதையும் அந்தந்த முகவரியின் பெயரில்தான் சேமிக்கும். ஒருமுறை ஒரு கணினியில் அரை நாள் போராடிய பிறகு அதைத் திறந்து பார்த்தேன். ஒரே சர்வருக்கு இரண்டு பதிவுகள்: ஒன்று சர்வர் பெயரில், புதிய பாஸ்வேர்டுடன், இன்னொன்று ஐபி எண்ணில் (நெட்வொர்க்கில் சர்வரின் எண் முகவரி), எப்போதோ மாற்றிவிட்ட பழைய பாஸ்வேர்டுடன். டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட் ஐபி எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் அழித்து, பெயரில் மட்டும் புதிதாகச் சேமித்து, ஷார்ட்கட்டையும் மாற்றினேன். அதோடு நின்றது. இடையில் 1219 என்ற பிழை எண் வந்தால் பயப்பட வேண்டாம். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

இரண்டாவது வழி, இரு பக்கமும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. பொருந்தியிருக்கும்வரை பெட்டியே வராது. ஆனால் ஒரு பக்கம் பாஸ்வேர்டு மாறிய அன்று தொல்லை திரும்பும். கணினி பின்னணியில் பழையதை வைத்தே முயன்றுகொண்டிருக்கும். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவிய கணினி சர்வராக இருந்தால், 10 தவறான முயற்சியில் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் கதவு திறக்காது. இரண்டு மூன்று கணினிக்கு இது பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம்.

கெஸ்ட் அனுமதியை நான் யாருக்கும் சொல்வதில்லை. யார் எந்த ஃபைலை அழித்தார்கள் என்பதே தெரியாமல் போகும். மைக்ரோசாஃப்ட்டும் இந்தக் கதவை மூடிக்கொண்டே வருகிறது: விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலேயே என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் நிறுத்திவிட்டார்கள், விண்டோஸ் 11-இன் 24எச்2-வில் ப்ரோ வகையிலும் நிறுத்தினார்கள். அந்தப் பதிப்பின் ப்ரோ போன்ற வகைகளில் எஸ்எம்பி சைனிங்கும் (ஃபைல் பகிர்வின்போது போகும் தகவல்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுவது) இயல்பாகவே கட்டாயம், கெஸ்ட் உள்நுழைவுக்கோ சைனிங் கிடையாது. பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புக் கருவி) அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று முரண்டுபிடித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். லினக்ஸ் கணினிகளும் நாஸ் பெட்டிகளும் ஃபைல் பகிரப் பயன்படுத்தும் சாம்பா மென்பொருளில் இன்னொரு வினோதம். தெரியாத பெயரைக் கெஸ்ட்டாக ஏற்கும்படி அமைத்திருந்தால் முன்பின் தெரியாதவர் நேராக உள்ளே போவார். சர்வரில் கணக்கு உள்ளவர் பாஸ்வேர்டு பொருந்தாமல் வெளியே நிற்பார்.

டொமைன் இருந்தால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், பாஸ்வேர்டை ஓர் இடத்தில் மாற்றினால் போதும். இதற்காக மட்டும் டொமைன் அமைப்பது ஐந்து கணினி உள்ள இடத்துக்கு அதிகப்படி. ஏற்கெனவே டொமைனில் இருந்தும் கேட்கிறது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். டொமைனை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் நேரத்துக்கும் உங்கள் கணினியின் நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இயல்பான அமைப்பில் கெர்பரோஸ் மறுத்துவிடும். ஐபி எண்ணில் போனாலும் பொதுவாகக் கெர்பரோஸ் நடக்காது, என்டிஎல்எம் என்ற பழைய சரிபார்ப்பு முறைக்கு இறங்கிவிடும். அதனால் அங்கேயும் பெயரில்தான் போக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பெட்டி வந்தால், சர்வர் விண்டோஸ் சர்வராக இருக்கும் பட்சத்தில் அதன் ஈவென்ட் வியூவரில் உள்ள செக்யூரிட்டி லாகில் (பாதுகாப்புப் பதிவேடு) 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். உள்நுழைவு தோற்ற ஒவ்வொரு முறையும் வந்த பெயர் அங்கே பதிவாகியிருக்கும். நீங்கள் டைப் செய்த பெயருக்குப் பதில் உங்கள் மின்னஞ்சல் முகவரி அங்கே நின்றால், கிரெடென்ஷியல் மேனேஜரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.