எலெக்ட்ரிக் ஸ்மோக்கரில் நல்ல புகை: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

மின்சாரத்தில் சூடேறி, மரப்புகையில் கறியை மெல்ல வேகவைக்கும் பெட்டியான எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: கறி பதமாக வெந்துவிடுகிறது, ஆனால் புகை மணம் ஏறவில்லை. டெக்சாஸில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பல ஆண்டுகளாக இப்படி ஒன்றைப் பயன்படுத்திவருகிறேன். 800 வாட் சூடேற்றும் கம்பியும், உள்ளே நான்கு கம்பித் தட்டுகளும், பக்கவாட்டில் மரச்சில்லு போடுவதற்கான குழாயும் கொண்ட சாதாரண வகைதான். புகைக்கறிக்குப் பெயர்பெற்ற லாக்ஹார்ட் போன்ற டெக்சாஸ் ஊர்களில் போஸ்ட் ஓக் என்னும் ஓக் மரக் கட்டைகளை எரித்துச் சமைக்கும் பிரிஸ்கெட்டின் (மாட்டு நெஞ்சுக் கறியின்) புகைச் செறிவை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் பெட்டியோடு வந்த அமைப்பில் கிடைப்பதைவிட எவ்வளவோ நல்ல புகையை, அதிகச் செலவில்லாமல், இதிலிருந்து பெறலாம்.

குறை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சில்லுத் தட்டு கம்பிக்கு அருகிலேயே இருக்கிறது. கம்பி சூடேறியிருக்கும்போது மட்டுமே சில்லு கருகிப் புகைகிறது. வழக்கமாக வைக்கும் 225 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸை, எட்டியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பெட்டியின் தடித்த சுவர்கள் வெப்பத்தை வெளியே விடாததால் கம்பிக்கு அதன்பின் அதிக வேலை இருப்பதில்லை. கம்பிக்கு வேலையில்லையென்றால் புகையும் இல்லை. குளிர்காலத்தில் இதே பெட்டி கூடுதலாகப் புகைவதற்கும், கோடையில் சில்லு பாதி கருகியபடியே தட்டில் கிடப்பதற்கும் இதுவே காரணம். நாம் விரும்பும் புகை மணத்தைத் தரும் குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதையும்போது உண்டாகின்றன. அதற்குச் சில்லு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும்.

ஆகவே வெப்பத்தையும் புகையையும் பிரித்துவிடுவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. வெப்பத்தைக் கம்பி பார்த்துக்கொள்ளட்டும். புகைக்குத் துளையிட்ட எஃகுக் குழாயில் மரப் பெல்லட்டை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை) நிரப்பித் தனியாகக் கனல விடலாம். ஓர் அடி நீளக் குழாய், ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால், பொதுவாக நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் புகையும். பற்றவைத்ததும் அவசரப்பட்டு ஊதி அணைக்கக் கூடாது. சுடர் ஐந்து முதல் பத்து நிமிடம் நின்று எரிந்து, முனையிலுள்ள பெல்லட்டுகள் சாம்பல் பூத்துச் செந்தணலாக மாறிய பிறகு அணைத்தால்தான் கனல் உள்ளே நகரும். முதலில் கெட்டியான வெண்புகை வரும். அது மெலிந்து நீலம் பாய்ந்த பிறகே கறியை உள்ளே வைப்பேன். வெண்புகையில் வெகுநேரம் இருந்த கறியை வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் கசக்கும்.

பெட்டிக்குள் காற்றோட்டம் குறைவு, ஈரப்பதம் அதிகம் என்பதால் பெல்லட் பாதியில் அணைந்துபோவதும் உண்டு. பயன்படுத்தும் முன் பெல்லட்டைச் சிறிது சூடாக்கி ஈரம் போக்கினால் இது பெரிதும் குறைகிறது. இன்னும் நல்ல தீர்வு, அமெரிக்காவில் பலரும் செய்துகொள்ளும் தபால்பெட்டி அமைப்பு. கடையில் விற்கும் தகரத் தபால்பெட்டிக்குள் பெல்லட்டைக் கனலவிட்டு, அலுமினியக் குழாய் வழியாகச் சில்லு போடும் துவாரத்துக்குப் புகையைக் கொண்டுசெல்வார்கள். கனலுக்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து கிடைக்கிறது. வரும் வழியில் புகை குளிர்ந்து, அதிலுள்ள பிசுபிசுப்பான தாரில் ஒரு பகுதி குழாயிலேயே படிந்துவிடுகிறது. இதைப் பொருத்திய பிறகு பாலாடைக்கட்டி, மீன் போன்றவற்றுக்கும் இதமான புகை கிடைத்தது.

மேலேயுள்ள புகைபோக்கியை எப்போதும் முழுமையாகத் திறந்தே வைக்க வேண்டும். புகையை உள்ளே அடைத்து வைத்தால் கூடுதலாக ஏறும் என்று நினைப்பது இயல்பு, நடப்பது நேர்மாறானது. தேங்கிய புகையும் நீராவியும் சேர்ந்து கதவின் உட்புறத்தில் கருப்பு முத்துகளாகக் கோத்து, கறியின்மேல் சொட்டும். சில்லை ஊறவைப்பதிலும் பயனில்லை. தண்ணீர் மரத்துக்குள் ஆழமாக இறங்குவதில்லை, அந்த ஈரம் ஆவியாகும்வரை புகை தாமதப்படுவதுதான் மிச்சம். தண்ணீர்ப் பாத்திரத்தையும் நான் காலியாகவே வைக்கிறேன், ஏனெனில் இந்தப் பெட்டிக்குள் ஈரம் ஏற்கெனவே தேவைக்கு அதிகம். குளிர்ந்த, சற்றே ஈரமான மேற்பரப்பில் புகை நன்றாகப் படிவதால், கறியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக உள்ளே வைப்பது நல்லது.

வெட்டிய கறியில் தெரியும் இளஞ்சிவப்பு வளையம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எரியும் மரத்திலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் அந்த நிறம் வருகிறது. சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கார்பன் மோனாக்சைடு வெளிவருவதால், மின்சாரத்தில் இயங்கினாலும் இதைத் திறந்த வெளியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவு செய்தும் தீராத குறை கோழித் தோல்தான். இந்த ஈர வெப்பத்தில் அது ரப்பர்போல இழுபடும். எனவே கோழிக்கு வேண்டிய புகையை இதில் ஏற்றிவிட்டு, சூடான மின் அடுப்புக்கு (ஓவனுக்கு) மாற்றி, உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸை எட்டும்வரை வைத்துத் தோலை மொறுமொறுப்பாக்கிக்கொள்கிறேன்.