கழுத்துல இருந்து வர்ற தலைவலிக்கு பேக்கேஜ் கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

திருப்பூர்ல நடந்தது. கிளினிக் பேர் போடல, ஆனா இதே மாதிரி கடை எல்லா ஊர்லயும் இருக்கு.

எங்க அக்கா வீட்லயே மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவங்க, நாள் பூரா குனிஞ்ச கழுத்து. பின்மண்டைக்கு கீழ இறுக்கிப் பிடிச்சு வலது பக்கமாவே ஏறி கண்ணுக்கு மேல வந்து நிக்கும், ஸ்கூட்டில போறப்ப திரும்பி பாத்தா இன்னும் ஜாஸ்தி. ஒத்தத் தலைவலின்னு மெடிக்கல் ஷாப் மாத்திரை, சைனஸ்னு ஆவி, கண்ணாடி வேற மாத்தியாச்சு. கடைசில ஒரு டாக்டர்தான் இது கழுத்துல இருந்து வருது, பிசியோ பாருங்கன்னு சொன்னார்.

ஏசி, கண்ணாடி கதவு எல்லாம் பாத்து ஒரு எடத்துக்கு போனோம். கழுத்த யாரும் தொட்டுக்கூட பாக்கல, எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல டிஸ்க் (கழுத்தெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கறது) வீக்கம்னு இருந்தத காட்டி "இப்படியே விட்டா கை வராம போயிரும் மேடம், 30 சிட்டிங் பேக்கேஜ், இன்னைக்கே கட்டுனா 15,000 தான்"னாங்க. பயந்து போய் கட்டியாச்சு. ஜப்பான்ல வலியே இல்லாத 1,200 பேருக்கு மேல கழுத்து எம்ஆர்ஐ எடுத்ததுல பத்துல எட்டு பேருக்கு மேல டிஸ்க் வீக்கம் தெரிஞ்சிருக்கு, இத அங்க யார் சொல்வா.

தினமும் ஒத்தடம், கரண்ட் பேட், கழுத்த இழுக்குற மிஷின், அவ்ளோதான். மாட்டி விட்டுட்டு அந்த பொண்ணு போன் நோண்டிட்டு இருக்கும். ஒரு நாள் புதுசா ஒரு பையன் வந்து எதுவும் கேக்காம கழுத்த டக்குனு திருப்பிட்டான், சாயங்காலம் பூரா தலைசுத்தல், வாந்தி. கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வர்றது அபூர்வம்தான் ஆனா வரும், அதனால ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், நல்லவேளை ஒன்னும் இல்ல. பணத்த திருப்பி கேட்டா "ரீஃபண்ட் கிடையாதுங்க, வீட்ல யாருக்காச்சும் முட்டிவலி இருந்தா மிச்ச சிட்டிங்க அவங்களுக்கு மாத்தி தர்றோம்"ங்கறாங்க! பில்லுல பாத்தவங்க பேரோ படிப்போ ஒன்னுமே இல்ல.

அப்புறம் அரசு ஆஸ்பத்திரி பிசியோ மேடம்கிட்ட போனோம். படுக்க வச்சு தாடைய நெஞ்சோட சேத்து தலைய ரெண்டு பக்கமும் திருப்பி பாத்தாங்க, ஒரு பக்கம் பாதியிலேயே நின்னுருச்சு. "கழுத்தோட மேல் மூணு நரம்பும் முகத்து நரம்பும் மூளைத்தண்டுல ஒரே எடத்துல சேருதுக்கா, அதான் கழுத்துல பிடிச்சா நெத்தியில வலிக்குது"ன்னாங்க. கையால மெதுவா கழுத்து மூட்ட அசைச்சு விட்டாங்க, மல்லாக்க படுத்து தாடைய உள்ள இழுக்குற பயிற்சி, தோள்பட்டை பயிற்சி, மிஷின் மேஜைய ஒசத்தி போட சொன்னாங்க. 2002ல ஆஸ்திரேலியால 200 பேர வச்சு பண்ண ஆய்வுலயும் இதே கை சிகிச்சையும் பயிற்சியும்தான், அதுவும் வெறும் 6 வாரம், ஒரு வருஷம் கழிச்சும் பலன் இருந்துச்சு. அக்காவுக்கு சுத்தமா போகல, முகூர்த்த மாச ஆர்டர்ல எட்டி பாக்கும், ஆனா மாத்திரை ரொம்ப கொறஞ்சிருச்சு.

ஆனா ஒன்னு, திடீர்னு இதுவரைக்கும் இல்லாத அளவு தலைவலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, பேச்சு குழறல், கை கால் மரத்து போறது, விழுந்து அடிபட்டதுக்கு அப்புறம் வலின்னா பிசியோ பக்கம் போகாம நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

1915 நுகர்வோர் நம்பர்ல புகார் குடுத்திருக்கோம். அதுக்கப்புறம்தான் கிளினிக்ல இருந்து போன், பாதி பணம் தர்றோம் கூகுள் ரிவ்யூவ எடுத்துருங்கன்னு. எடுக்கல.