எல்-1 முறையா, மதிப்பெண் முறையா? டெண்டர் எழுதும் முன் ஓர் அலசல்

விலை உறையைப் பிரித்த பிறகு, "இவருக்கா கொடுக்க வேண்டும்?" என்று கையைப் பிசைவது பல அலுவலகங்களில் வாடிக்கை. அந்த முடிவு, டெண்டர் ஆவணத்தில் தேர்வு முறையை எழுதிய அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. இந்திய அரசுக் கொள்முதலில் பெரும்பாலும் போட்டியிடுபவை இரண்டு முறைகள்.

முதலாவது எல்-1. தொழில்நுட்ப உறையில் தகுதி பார்த்து, தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரித்து, அவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலையைக் கொடுப்பது. இதன் பலம், வாதத்துக்கு இடமில்லாமை. தணிக்கையில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பலவீனமும் அங்கேதான்: தகுதிக் கோட்டை ஒட்டித் தேறியவரும், அதை எளிதாகத் தாண்டியவரும் அதன்பின் ஒன்றே. ஆகவே இந்த முறையில் முழுப் பாரமும் தகுதி வரையறைமீதும் விவரக்குறிப்புமீதும் விழுகிறது.

கட்டுமானப் பணிகளின் தகுதிக்கு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் சொன்ன அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. கடந்த 7 ஆண்டுகளில், மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஒத்த பணிகள் மூன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. இதைவிட இறுக்கினால் ஒரே நிறுவனம்தான் மிஞ்சும். அதற்காகவே இறுக்குகிறவர்களும் உண்டு.

விவரக்குறிப்பில் "நல்ல தரமான மேசை" என்று எழுதிவிட்டு எல்-1 போவதுபோல் வம்பு வேறில்லை. "ஐ.எஸ். 710 தரத்துக்குரிய 18 மி.மீ. பிளைவுட்" (ஐ.எஸ். 710 என்பது நீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) என்று எழுதினால் வந்திறங்கும் மேசையைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டாவது, தரத்துக்கும் விலைக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் முறை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எடையை, அதாவது மொத்தத்தில் தரத்துக்கு எத்தனை சதவீதம், விலைக்கு எத்தனை சதவீதம் என்பதை, கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதக் கூடாது. ஒருவர் 1 கோடி ரூபாய் கேட்கிறார், தரத்தில் 70. இன்னொருவர் 1.10 கோடி, தரத்தில் 90. குறைந்த விலைக்கு 100 என்று வைத்தால் இரண்டாமவரின் விலை மதிப்பெண் 90.9. தரத்துக்கு 30, விலைக்கு 70 சதவீதம் எடை என்றால் முதலாமவருக்கு 91, இரண்டாமவருக்கு 90.6. தரத்தில் 20 மதிப்பெண் முன்னிலை, 10 சதவீத விலை வித்தியாசத்திடம் தோற்கிறது! எடையைத் தலைகீழாக்கினால் 79-க்கு 90.3, பேச்சே இல்லை.

மத்திய செலவினத் துறையின் 2021 அக்டோபர் வழிகாட்டுதல், பணிகளுக்கும் ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் சில நிபந்தனைகளோடு இந்த முறையை அனுமதித்தது. ஆனால் தரத்தின் எடை 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே கண்ட கணக்குப்படி அங்கே விலைதான் எஜமானர். வடிவமைப்பு, திட்ட அறிக்கை போன்ற ஆலோசனைப் பணிகளில்தான் தரத்துக்குக் கூடுதல் எடை கொடுக்க முடிகிறது. அங்கே நான் தயங்காமல் மதிப்பெண் முறைக்கே கைதூக்குவேன்.

எந்த எடையானாலும், எதற்கு மதிப்பெண் என்பதே பெரிய வில்லங்கம். "விளக்கக் காட்சிக்கு 30" என்று வைத்தால் அது குழு உறுப்பினர்களின் விருப்பத்துக்கு வைத்த 30. முடித்த திட்டங்களின் எண்ணிக்கை, பொறியாளரின் அனுபவ ஆண்டுகள் என்று சான்றிதழைப் பார்த்துப் போடக்கூடியவையாக இருந்தால் தோற்றவர் நீதிமன்றம் போனாலும் கவலையில்லை.

ஒரே திட்டத்தில் கணினிகளும் புதிய மென்பொருளும் வேண்டுமானால் இரண்டு டெண்டராக்கலாம்: கணினிக்கு எல்-1, மென்பொருளுக்கு மதிப்பெண். மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்படும் தொகை வரம்பைத் தவிர்க்கப் பிரிப்பது விதிமீறல். தன்மையைப் பார்த்துப் பிரிப்பது வேறு, அந்தக் காரணத்தைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பிரித்தால் வரும் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். அமைப்பு முடங்கும் நாளில் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரை. யார் எத்தனை மணி நேரத்தில் வந்து பார்க்க வேண்டும், கூட்டுச் சோதனைக்கு யார் பொறுப்பு என்ற ஷரத்தை இரண்டு ஆவணங்களிலும் ஒரே வாசகத்தில் சேருங்கள்.