பெங்களூர் ரேஷன்: அரிசி கைக்கு வரும் முன் ரேகை வைக்காதீர்கள்

மாதக் கடைசி. "ஸ்டாக் இன்னும் வரலம்மா. சர்வர் இருக்கும்போதே ரேகையை மட்டும் வச்சிட்டுப் போங்க, அரிசியை அடுத்த வாரம் வாங்கிக்கலாம்" என்கிறார் கடைக்காரர். நாலு பேர் கொண்ட, வறுமைக்கோட்டுக்குக் கீழான (பி.பி.எல்.) கார்டு வைத்திருக்கும் குடும்பத்து அம்மா விரலை வைத்துவிட்டு வருகிறார். அடுத்த வாரம் போனால், "போன மாசக் கணக்கு முடிஞ்சிருச்சே!" ஆளுக்கு 5 கிலோ என்று மத்திய அரசின் பங்கை மட்டும் எடுத்தாலே 20 கிலோ போயிற்று. புகார் கொடுக்கப் போனால், அவர் வாங்கிவிட்டதாகவே கம்ப்யூட்டர் சொல்கிறது.

இந்த ஏமாற்று இத்தனை சுலபமாக நடக்கக் காரணம், அரசு எண்ணுவது ரேகையை, அரிசியை அல்ல. ரேகை விழுந்தால் கடைக்காரருக்குக் கமிஷன், அதிகாரிக்கு 'விநியோகம் முடிந்தது' என்ற அறிக்கை, அமைச்சருக்கு மேடையில் சொல்ல ஒரு எண். பையில் எத்தனை கிலோ இறங்கியது என்று தெரிந்துகொள்ள இவர்களில் யாருக்கும் அவசரமில்லை.

குழப்பமும் கடைக்காரருக்குக் கைகொடுக்கிறது. கர்நாடக அரசின் அன்னபாக்யா திட்டத்தில் மத்தியப் பங்குக்கு மேல் தரும் கூடுதல் 5 கிலோவுக்கு அரிசி கிடைக்காததால், 2023 ஜூலை முதல் கிலோவுக்கு 34 ரூபாய் கணக்கில் தலைக்கு 170 ரூபாயை வங்கியில் போட்டார்கள். 2025 தொடக்கத்தில் மறுபடி அரிசி என்றார்கள். இந்த மாதம் நமக்கு என்ன பாத்தியதை என்று வாடிக்கையாளருக்கே தெரியாதபோது, கடையில் சொல்வதுதான் கணக்கு. அதனால் ரசீதை விடாதீர்கள். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டாலும் கிலோ எண்ணைப் பார்க்கலாம். "ரசீது கொடி, தூக தோரிஸி" (ரசீது கொடுங்கள், எடையைக் காட்டுங்கள்) என்று கன்னடத்தில் இரண்டு வார்த்தை கேட்டாலே பாதிக் கடைகளில் குரல் மாறும்.

எடையில் நடப்பது இன்னும் நுணுக்கம். டின்னையோ பக்கெட்டையோ தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்காமலே அரிசியைக் கொட்டுவார்கள். டின்னின் எடை உங்கள் கணக்கில் விழும். அரிசி விழும் முன் திரை 0.00 காட்டுகிறதா என்று பாருங்கள். தராசே சந்தேகமா? பிரிக்காத 1 கிலோ உப்புப் பாக்கெட்டை மேலே வையுங்கள், தெரிந்துவிடும். மின்னணுத் தராசுக்கு எடையளவுத் துறை ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போடவேண்டும். அந்தத் தேதியையும் கேட்கலாம். கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: வெறும் சணல் சாக்கே அரை கிலோவுக்கு மேல். குடோனில் சாக்கோடு சேர்த்து 50 கிலோ என்று இறக்கினால் நஷ்டம் அவர் தலையில்தான். ஆனால் அவர் அதை குடோனில் கேட்பதில்லை, நம் பையில் எடுக்கிறார். 600 கார்டுள்ள கடையில் கார்டுக்கு ஒரு கிலோ குறைத்தால், மாதம் 50 கிலோ மூட்டை 12 மிச்சம்.

'கூலி', 'வண்டி வாடகை' என்று 10, 20 கேட்பதும், சோப்பு, டீத்தூள் வாங்கினால்தான் அரிசி என்பதும் சட்டப்படி செல்லாது. மத்திய அரசே 2023 ஜனவரி முதல் தன் பங்கு அரிசியை முழு இலவசமாகத் தருகிறது.

தமிழ்நாட்டு கார்டோடு வந்து இங்கே வேலை பார்ப்பவர்களை "அந்த கார்டு இங்க செல்லாது" என்று திருப்பி அனுப்புவது தனி வகை. பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது அந்த்யோதயா (மிக ஏழைக் குடும்பம்) என்று குறித்த கார்டு, ஆதார் இணைந்திருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டப்படி இங்கும் செல்லும். என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற குடும்பம்) கார்டு செல்லாது. கர்நாடகாவின் கூடுதல் பங்கும், ஊரில் கிடைக்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் இங்கே வராது. ஊரில் இருப்பவர்கள் அந்த மாதப் பங்கை முழுதாக எடுத்திருந்தால் இங்கே மெஷினில் பூஜ்யம்தான் காட்டும். அதற்குக் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். இதற்கான உதவி எண் 14445.

இப்போது தரகர்களின் கை ஓங்கியிருக்கிறது. தேர்தல் சமயத்தில் கார்டு கேள்வியில்லாமல் பெருகும், பிறகு செலவு கழுத்தை நெரிக்கும்போது வெட்டு விழும். 2024 நவம்பரில் கர்நாடகாவில் பி.பி.எல். கார்டுகளை ரத்து செய்யப்போய், தகுதியானவர்களும் சிக்கிக் கூச்சல் எழுந்ததும் அரசு பின்வாங்கியது. அந்தப் பயத்தை வைத்துத்தான் "உங்க கார்டு கேன்சல் ஆகாம பாத்துக்கறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். ஆதாரை வைத்துக் கார்டுதாரரைச் சரிபார்க்கும் இ-கே.ஒய்.சி. ரேஷன் கடையிலேயே இலவசம். குடும்பத் தலைவிக்குக் கர்நாடக அரசு மாதம் தரும் க்ருஹலக்ஷ்மி 2,000 ரூபாய் வரவில்லையென்றால், பெரும்பாலும் வங்கிக் கணக்கோடு ஆதார் சரியாக இணையாததுதான் கோளாறு. வங்கிக் கிளையில் ஒரு படிவம் போதும். 'நின்ற மாதப் பணத்தை விடுவிக்க' என்று போனில் ஓ.டி.பி. கேட்பவர் திருடர்.

ரேகை ஏற்கெனவே வைத்து ஏமாந்திருந்தால், மாதம் முடியும் முன் ரேஷன் புகார் எண் 1967-க்கு அழையுங்கள். கார்டு எண், கடை எண், ரேகை வைத்த தேதி, நேரம் நான்கையும் சொல்லி, புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். ஒரே கடையில் ஏமாந்த ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திட்டு உணவுத் துறை மண்டல அலுவலகத்தில் கொடுத்தால், நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.