இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று வந்தவரிடம் தம்பியின் மருந்துச் சீட்டுகளைக் கொடுத்து ஏமாந்தோம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது மனநல மாத்திரை சாப்பிட்டு, அதனால் கை நடுக்கமோ வாய்க் கோணலோ தாறுமாறான எடையோ வந்திருந்தால் கட்டாயம் படியுங்கள். "அமெரிக்காவில் கேஸ் நடக்குது, உங்க பேரையும் சேர்த்துவிடறேன்" என்று ஒருவர் வீடு வீடாக வருகிறார். எங்களிடம் 28,000 ரூபாய் வாங்கினார். இரண்டு மாதம் தோட்டத்துப் பச்சைத் தேயிலை போட்ட காசு அது. அதோடு ஒன்றரை வருடத்தையும் எடுத்துக்கொண்டார். அந்த ஒன்றரை வருடம்தான் எங்களைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது.

தம்பிக்கு 2021 அக்டோபரில் உடம்பு சரியில்லாமல் போனது. தூக்கம் இல்லை, யாரோ பேசுவது கேட்கிறது என்றான். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள் சேர்த்தோம். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண்ணு ரெண்டும் மேலே போய்ச் செருகி நின்றுவிட்டது. அம்மா குலதெய்வத்தைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தார். நர்ஸ் வந்து இன்னொரு ஊசி போட்டார், அரை மணி நேரத்தில் சரியானது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு "அது அப்படித்தான் வரும், போயிடும்" என்றார்கள். அந்த மருந்து செய்யும் வேலை அது என்று ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ரிஸ்பெரிடோன் மாத்திரை. குரல் கேட்பது நின்றது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உட்கார முடியவில்லை அவனால். ராத்திரி முழுக்க வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பான். "அக்கா, காலுக்குள்ள எறும்பு ஓடுது" என்பான். போனில் சொன்னோம். நோய் இன்னும் அடங்கவில்லை என்று மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள், நடை இன்னும் கூடியது. அதற்கு அகதீசியா என்று பெயர் இருக்கிறது, நோய் கூடியதாக நினைத்து மருந்தைக் கூட்டினால் அதுவும் கூடும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது பின்னால்.

2022 ஆடி வாக்கில் வாய் அசைய ஆரம்பித்தது. வெற்றிலை போட்டவன் மாதிரி ஓயாமல் மெல்லுவான், நாக்கு நுனி வெளியே வந்து வந்து உள்ளே போகும். "சும்மா மெல்லாதேடா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்று அம்மா தொடையில் ஒரு தட்டு தட்டுவார். அவன் உதட்டைக் கையால் பிடித்துக்கொள்வான். கையை எடுத்தால் மறுபடி அசையும். தேநீர் டம்ளரை வாயில் வைத்தால் பல்லில் தட்டும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். மூன்று தடவை மருத்துவரிடம் காட்டினோம். பழக்கம், நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை. அவ்வளவுதான் பதில்.

2023 ஜனவரியில் ஊட்டி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார், நடக்கவிட்டுப் பார்த்தார். பத்து நிமிடம். "டார்டிவ் டிஸ்கைனீசியா. மருந்தால வந்தது" என்று சீட்டில் எழுதினார். மனநோய் மருந்தால் வாயும் நாக்கும் தானாக அசைவதற்கு அதுதான் பெயர். ஒரேயடியாக நிறுத்தாமல் மருந்தைப் படிப்படியாக மாற்றினார். சிலருக்கு இது முழுதாகப் போகாது என்பதையும் சொன்னார். சொன்னதற்கு அவருக்கு நன்றி.

(இங்கே ஒரு விஷயம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோயும் திரும்பும், அசைவும் கூடலாம். மருத்துவரிடம் போய்ப் பக்கவிளைவைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.)

அந்தக் கோபத்தில் இருந்தபோதுதான் ஏப்ரலில் அந்த இழப்பீட்டு ஆள் வந்தார். எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் சொந்தக்காரராம். நல்ல பேச்சு, கையில் ஒரு கோப்பு. ரிஸ்பெரிடோனால் மார்பு வளர்ந்த ஓர் இளைஞருக்கு 2019இல் ஃபிலடெல்ஃபியா ஜூரி 800 கோடி டாலர் கொடுக்கச் சொன்ன செய்தியைக் காட்டினார். செய்தி உண்மைதான். அடுத்த வருடமே நீதிபதி அதை 68 லட்சம் டாலராகக் குறைத்ததை அவர் காட்டவில்லை. அந்த வழக்கு அமெரிக்காவில், அந்த நாட்டுக் கம்பெனியின் மருந்தை அங்கே சாப்பிட்டவர் போட்டது. தம்பி சாப்பிட்டது இந்தியக் கம்பெனி மாத்திரை, கோத்தகிரி கடையில் வாங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எங்களுக்கு இதைச் சொல்ல அப்போது ஆள் இல்லை.

பதிவுக் கட்டணம், மொழிபெயர்ப்பு, நோட்டரி என்று நாலு தவணையாக வாங்கினார். ஜெயித்தால் நூற்றுக்கு 35 அவருக்கு என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அம்மாவிடம் கையெழுத்து. போகும்போது தம்பியின் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே எடுத்துப் போனார். "ஸ்கேன் பண்ணிட்டு வியாழக்கிழமை தந்துடறேன்மா" என்றார். எத்தனையோ வியாழன் போனது. 2024 நவம்பரில் போனே எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு டீச்சரம்மா சொல்லித்தான் ஊட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

அந்த வக்கீல் அம்மா பத்திரத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இவர் வக்கீலா?" இல்லை. வக்கீலாக இருந்தாலும் ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசக் கூடாதாம், வீடு தேடி வந்து கேஸ் பிடிக்கவும் கூடாதாம். பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. யாராவது உங்களிடம் பங்கு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி தேதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு. ஊட்டி மருத்துவர் பாதிப்பின் பெயரைச் சொன்னது 2023 ஜனவரி. நான் வக்கீல் அம்மா முன் உட்கார்ந்திருந்தது 2024 நவம்பர் கடைசி. "என்னம்மா இவ்வளவு நாள் விட்டீங்க" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பக்கவிளைவு வந்துவிட்டது என்பது மட்டும் கேஸ் ஆகாது என்றும் தெளிவாகச் சொன்னார். சரியாகப் பார்த்துக் கொடுத்த மருந்திலும் அது வரலாம். நாம் காட்ட வேண்டியது வேறு. இப்படி வரும் என்று முன்கூட்டிச் சொன்னார்களா, வந்த பிறகு சொன்னபோது பார்த்தார்களா, பார்க்காமல் மருந்தைக் கூட்டினார்களா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், தரப்போகும் சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. சம்மதம் என்றால் விஷயம் தெரிந்து கொடுக்கும் சம்மதம் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தில் வரும் என்பது 1995 வி.பி. சாந்தா தீர்ப்பு. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் மருத்துவமனை மட்டும் அதில் வராது.

ஆக, தாள் வேண்டும். எங்களிடம் ஒரு தாள் கூட இல்லை.

உள்நோயாளி ஆவணத்தை மருத்துவர் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி சொல்கிறது. தம்பியின் மூன்று வருடம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அழித்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? மனநலச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் தன் ஆவணத்தைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று எழுதி, தம்பி கையெழுத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம், ஒப்புகை அட்டையோடு. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்ததால் நகல் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்றும் இல்லை. நர்ஸ் எழுதிய பக்கத்தில் மூன்றாம் நாள், மாலை 6.20, கழுத்து இழுப்பு, கண் மேலே செருகல், ஊசி என்று நீல மையில் இருந்தது. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் சொல்லவில்லை.

கோத்தகிரி மருந்துக் கடை அண்ணன் பழைய பில் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் கொடுத்தார், ஒரு பைசா வாங்கவில்லை. மாத்திரை இரட்டிப்பான தேதி அதில்தான் கிடைத்தது.

2025 ஜனவரியில், கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். மருத்துவமனை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. பதிவுக் கட்டணம் என்று அந்த ஆள் வாங்கிய 6,000 என்னத்துக்கு? எதிர்த்தரப்பு இப்போது வாய் அசைய ஆரம்பித்த 2022 ஆடியிலிருந்து இரண்டு வருடம் எண்ண வேண்டும் என்கிறது. பாதிப்பு இன்னது என்று தெரிய வந்த நாளிலிருந்து என்கிறோம் நாங்கள். தாமதத்தை மன்னிக்கும் மனுவும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறோம். முதல் வருடமே போயிருந்தால் இந்த வாதமே வந்திருக்காது.

வேறு கதவுகளும் உண்டு. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் மருத்துவர் மேல் நடவடிக்கை எடுக்கலாம், பணம் கிடைக்காது. சிகிச்சைக் குறைக்கு மனநலச் சட்டத்தின்படி முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். போலீஸ் கேஸ் என்று டாக்டரை மிரட்டலாம் என்றார் அந்த ஆள். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி மிகப் பெரிய அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும், அதற்கும் வேறு மருத்துவரின் கருத்து வேண்டும். மிரட்டப் போனால் நம் மேல்தான் திரும்பும். மருந்தால் வந்த பாதிப்பை 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யுங்கள். இழப்பீடு வராது, ஆனால் அரசுக் கணக்கில் ஏறும். தம்பியுடையதை நானே சொல்லிப் பதிந்தேன்.

அந்த ஆள் மேல் ஏமாற்று என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். அவர் கொடுத்த துண்டுச் சீட்டுகளில் பச்சை மையில் கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சீட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், படம் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் போய்ப் புகார் கொடுங்கள். ஒரிஜினல் தாள் இன்னும் உங்கள் கையில் இருந்தால் நாளைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிட்டு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். யார் கேட்டாலும் ஜெராக்ஸ்தான். பாதிப்பு தெரிய வந்த தேதியிலிருந்து எத்தனை மாதம் ஆகிறது என்று இன்று ராத்திரியே எண்ணிப் பாருங்கள்.